ஆலயக் கதவு பூட்டப்பட்டால் பங்கு இல்லாமற் போகுமா?

சில மாதங்களுக்கு முன்னர், இடம்பெயர்ந்த குடும்பங்கள் வாழும் மாற்றுக் குடியிருப்பு ஒன்றில் விதைநெல் சேமிப்புப் பற்றிய கருத்தமர்வொன்றை நடத்திக்கொண்டிருந்தோம். அமர்வு முடியும் தறுவாயில் வயதான தாயொருவர் எழுந்தார். அவர் கேட்ட கேள்விக்கும் விதைநெல்லுக்கும் சம்பந்தமில்லை.

"சுவாமி, எங்கட ஊர்க் கோயில் இவ்வளவு காலமும் பூட்டிக் கிடக்குது. எங்கட பங்கு இன்னும் பங்குதானோ? இல்லாட்டி எங்களையெல்லாம் இந்தப் பங்கோட சேர்த்துப்போட்டினமோ?"

சபையில் இருந்தவர்களின் முகங்களைப் பார்த்தோம். அங்கிருந்த பலரும் இக்கேள்வியை நெடுநாளாக மனதில் வைத்திருந்தார்கள் என்பது புரிந்தது. விதைநெல்லைக் கட்டி வைத்துவிட்டு, அன்று மாலை முழுவதும் இதைப் பற்றியே பேசினோம். அப்பேச்சையே சற்று விரிவாக இவ்விதழின் பாடமாகத் தருகிறோம். அன்பிய ஒன்றுகூடல்களில் இதைப் பகுதி பகுதியாக வாசித்துக் கலந்துரையாடலாம்.

நமது ஊர்க் கோயில்களைப் பூட்டியது போர். பின்னர் சில இடங்களில் கம்பிவேலி பூட்டியது. ஆனால் போரேதும் இல்லாத நாடுகளிலும் கோயில்கள் பூட்டப்பட்டிருக்கின்றன, அதுவும் ஆயரின் கையொப்பத்துடன். அங்குள்ள மக்கள் அந்தத் தாயின் கேள்வியையே ஆயரிடம் கேட்டார்கள், உரோமாபுரியிடம் கேட்டார்கள், நாட்டின் நீதிமன்றங்களிடமும் கேட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில்களில் நமக்குப் பயன்படக்கூடிய சில விடயங்கள் உண்டு. ஆகவே முதலில் தூரத்து ஊர் ஒன்றிற்குப் போய் வருவோம்.

பொஸ்ரனில் நடந்தது

அமெரிக்காவின் பொஸ்ரன் உயர்மறைமாவட்டத்தில் 2004ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 357 பங்குகள் இருந்தன. அவ்வாண்டு மே மாதம் 25ஆம் நாள், அவற்றுள் 65 பங்குகள் மூடப்படுமென அங்குள்ள பேராயர் சோன் ஓமலி அறிவித்தார். சொல்லப்பட்ட காரணங்கள் மூன்று. குருக்களின் தொகை குறைந்துவிட்டது. ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் குறைந்துவிட்டனர். பழைய கட்டடங்களைத் திருத்தப் பணமில்லை.

இவை பொய்க் காரணங்கள் அல்ல. 1965இல் அமெரிக்காவில் 58,000க்கு மேற்பட்ட குருக்கள் இருந்தார்கள். 2020இல் ஏறத்தாழ 35,000 பேரே இருந்தார்கள். 1990இல் 19,000க்கு மேலிருந்த பங்குகள் முப்பது ஆண்டுகளில் 17,000க்குக் கீழே வந்துவிட்டன.

ஆனால் மக்கள் இதை நம்ப மறுத்ததற்கும் காரணம் இருந்தது. சிறுவர்களைத் துஷ்பிரயோகம் செய்த குருக்களை மறைமாவட்டத் தலைமை பல்லாண்டுகளாக ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்கிற்கு மாற்றி மாற்றி மறைத்து வந்தது என்ற உண்மை 2002இல் அதே பொஸ்ரனில்தான் வெளியாயிற்று. 2003இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு 85 மில்லியன் டொலர் வழங்க உடன்பாடு ஏற்பட்டது. அதற்காகக் கோயில்களை விற்கவில்லை என்று பேராயர் சொன்னார். பேராயரின் வாசஸ்தலமும் அதனைச் சூழ்ந்த காணியும் பல்கலைக்கழகமொன்றுக்கு விற்கப்பட்டதும் உண்மை. ஆயினும் நம்பிக்கை உடைந்த இடத்தில் கணக்குக் காட்டி என்ன பயன்? குருவாகிய நாமும் இதைக் கூச்சத்தோடுதான் எழுதுகிறோம்.

பொஸ்ரனுக்குத் தெற்கே, கடற்கரையில் சிச்சுவேற் என்றொரு சிறு நகரம். அங்கிருந்த கோயில் புனித பிரான்செஸ் கப்ரினி அம்மையாரின் பெயரால் அமைந்தது. இத்தாலியிலிருந்து அமெரிக்கா சென்று, அங்கு வந்து குவிந்த ஏழைக் குடியேறிகளுக்காக உழைத்த துறவி அவர். 1946இல் புனிதையாக உயர்த்தப்பட்டார். புலம்பெயர்ந்தோரின் பாதுகாவலி அவரே. அவருடைய பெயரைத் தாங்கிய கோயில் மக்களே ஒரு நாள் வெளியேறச் சொல்லப்பட்டார்கள்.

2004 ஒக்ரோபர் 26ஆம் நாள் மறைமாவட்டம் கோயிலின் பூட்டுகளை மாற்றியது. ஆனால் ஒரு கதவு திறந்திருந்தது. அதன் வழியே உள்ளே சென்ற மக்கள் வெளியே வரவில்லை. அன்றிலிருந்து இரவும் பகலும் யாராவது ஒருவர் கோயிலுக்குள் இருந்தார்கள். யார் எந்நேரம் இருப்பது என்று தாளில் பெயர் எழுதி முறை வைத்தார்கள். நமது ஊர்களில் வயற்காவலுக்கு முறை வைப்பது போலத்தான். கோயில் வெறுமையானால் மறுபடி பூட்டிவிடுவார்கள் என்பதால், நத்தார் இரவிலும் கொட்டும் பனியிலும் ஆள் இருந்தது.

திருப்பலி நிறைவேற்றக் குரு இல்லை. ஞாயிறுதோறும் பொதுநிலையினரே இறைவார்த்தை வழிபாட்டை நடத்தி, ஏற்கனவே அர்ச்சிக்கப்பட்ட நற்கருணையைப் பகிர்ந்துகொண்டார்கள். உரோமாபுரிக்கு மேன்முறையீடு செய்தார்கள். 2014இல் திருச்சபையின் அதியுயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2015இல் மறைமாவட்டம் அந்நாட்டு நீதிமன்றத்தை நாட, காணி உரிமையாளர் சொன்னால் வெளியேறத்தான் வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2016 மே மாதம் வழக்கை எடுக்க மறுத்தது. அம்மாதம் 29ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை கடைசி வழிபாட்டை நடத்திவிட்டு மக்கள் வெளியேறினார்கள். பதினொரு ஆண்டுகளும் ஏழு மாதங்களும். 4,200 நாட்களுக்கு மேல்.

கருத்தமர்வில் இதைச் சொன்னபோது பின்னாலிருந்த இளைஞர் ஒருவர், "அப்ப கடைசியில தோத்துத்தானே போச்சினம்?" என்றார். ஆம், கட்டடத்தைப் பொறுத்தவரை தோற்றார்கள். அதைப் பூசி மெழுக நாம் விரும்பவில்லை. நீதி கேட்டவர்களுக்கெல்லாம் நீதி கிடைக்கும் என்று நாம் சொன்னால் உங்களில் எவரும் நம்பப்போவதுமில்லை.

எல்லோரும் தோற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேமவுத் என்னுமிடத்திலிருந்த புனித பெரிய அல்பேர்ட் கோயில் மக்களே இவ்வாறு உள்ளிருப்பை முதன்முதல் தொடங்கியவர்கள். ஓராண்டு நிறையுமுன்னர், 2005இலேயே, அவர்களின் பங்கைப் பேராயர் திரும்பத் திறந்துவிட்டார். பிரேமிங்காம் என்ற இடத்தில் மூடப்பட்ட கோயிலோ பின்னர் கேரளத்திலிருந்து சென்று குடியேறிய சீரோ மலபார் கத்தோலிக்கரின் கோயிலாயிற்று. ஓர் ஊரவர் இழந்த கோயிலில் இன்னொரு தேசத்தவர் செபிக்கிறார்கள். இதை மகிழ்ச்சி என்பதா, துயரம் என்பதா? உங்களிடமே விட்டுவிடுகிறோம்.

வீதியில் நின்றவர்கள்

இரண்டாவது கதை கிளீவ்லண்ட் நகரிலிருந்து. அங்கே ஆயர் றிச்சட் லெனன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் ஐம்பது பங்குகளை மூடினார். அவற்றுட் பல, ஒரு காலத்தில் போலந்து, ஹங்கேரி முதலிய நாடுகளிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்கள் தமது வியர்வைக் காசில் கட்டியவை. ஆலைகள் மூடப்பட, பிள்ளைகள் புறநகரங்களுக்குப் போய்விட, கோயிலில் கிழவரும் கிழவியருமே எஞ்சினார்கள். வேரோடு பிடுங்கப்பட்டு வந்தவர்கள் புதிய நிலத்தில் வேர்விடுவதற்குக் கட்டிய கோயில்கள் அவை. அதனாற்றான் அவர்கள் அவற்றை இலகுவில் விடவில்லை.

புனித கசிமீர் கோயிலின் போலந்து மக்கள் உள்ளே இருக்க முயலவில்லை. பூட்டிய கோயிலின் வெளியே, வீதியோரத்தில், ஒவ்வொரு ஞாயிறும் கூடிச் செபித்தார்கள். மழையிலும் பனியிலும் நின்றார்கள். இவ்வாறு இரண்டரை ஆண்டுகளுக்கு மேல். அதே வேளையில் வேறு பங்குகளுடன் சேர்ந்து உரோமாபுரிக்கு முறையீடும் அனுப்பியிருந்தார்கள்.

2012 மார்ச் மாதம் உரோமாபுரியிலுள்ள குருக்களுக்கான பேராயம் பதிலளித்தது. பங்குகளை மூடியபோது ஆயர் திருச்சபைச் சட்டம் கூறும் ஒழுங்கைப் பின்பற்றவில்லை, ஆகவே அம்மூடல்கள் செல்லாது என்றது. ஆயர் மேலே வழக்காடாமல் பன்னிரண்டு பங்குகளைத் திறப்பதாக அறிவித்தார். அவ்வாண்டு நடுப்பகுதியில் புனித கசிமீர் கோயிலின் கதவும் திறந்தது.

சிச்சுவேற் மக்கள் முரடர்கள், கிளீவ்லண்ட் மக்கள் பொறுமைசாலிகள். ஆகவே பொறுமை வென்றது என்று யாரும் பிரசங்கம் செய்துவிட வேண்டாம். இரு சாராரும் செபித்தார்கள், இரு சாராரும் முறையிட்டார்கள். கிளீவ்லண்டில் ஆயர் பக்கத்தில் சட்டப் பிழை இருந்தது, அது நிரூபிக்கப்பட்டது. சிச்சுவேற்றில் அவ்வாறான பிழை இருப்பதாக உரோமாபுரி காணவில்லை. வேறுபாடு அவ்வளவே. ஆனால் பிழையைக் கண்டுபிடித்தது யார்? தமது பங்கின் தாள்களைத் தேதி வாரியாக எடுத்து வைத்திருந்த சாதாரண மக்களும் அவர்களுக்கு உதவிய சட்ட அறிஞருமே. காலம் தவறியிருந்தால் அதுவும் பலித்திராது. ஆயரின் ஆணையை எதிர்க்க விரும்புவோர், அது அறிவிக்கப்பட்டதிலிருந்து பத்து நாட்களுக்குள் முதலில் ஆயரிடமே எழுத்தில் மீள்பரிசீலனை கேட்க வேண்டும். அது மறுக்கப்பட்டால் பதினைந்து நாட்களுக்குள் மேலிடத்துக்குச் செல்ல வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் (எண் 1734, 1737). பத்து நாள் என்பது எவ்வளவு சிறிய காலம் என்பதை அரச அலுவலகத்தில் நின்ற எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

பங்கு என்பது எது?

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் எண் 515ஐ எடுத்துப் பார்த்தால், பங்கு என்பது கட்டடம் என்று அங்கு எழுதியிருக்கவில்லை. நிலப்பரப்பு என்றுகூட முதலில் சொல்லப்படவில்லை. ஒரு மறைமாவட்டத்தில் நிலையான முறையில் அமைக்கப்பட்ட, பங்குத்தந்தை ஒருவரின் பராமரிப்பில் விடப்பட்ட, கிறிஸ்தவ விசுவாசிகளின் சமூகமே பங்கு. சமூகம் என்பதே அங்கு முதற் சொல்.

அதே எண்ணின் இரண்டாம் பகுதி முக்கியமானது. பங்கை ஏற்படுத்தவும் ஒழிக்கவும் பெரிதாக மாற்றவும் ஆயருக்கு மட்டுமே அதிகாரம் உண்டு. அவரும் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேளாமல் அதைச் செய்யலாகாது. அப்படியாயின் இராணுவ அதிகாரியோ, பிரதேச செயலாளரோ, அயற்பங்கின் சபைத் தலைவரோ ஒரு பங்கை ஒழிக்க முடியாது. குண்டு விழுந்து கூரை போனாலும் பங்கு போகாது. கம்பிவேலி அடித்தாலும் போகாது.

எவ்வளவு காலத்துக்குப் போகாது? எண் 120 இதற்குப் பதில் சொல்கிறது. திருச்சபையில் சட்டப்படி அமைந்த ஓர் அமைப்பு, இயல்பிலே நிரந்தரமானது. உரிய அதிகாரி முறைப்படி ஒழித்தாலன்றி, அது செயலற்றுப் போய் நூறு ஆண்டுகள் கடந்தால் மட்டுமே இல்லாமற் போகும். நாம் இதை வாசித்துக் காட்டியபோது, "நூறு வருசமோ!" என்று அத் தாய் வாய்விட்டுச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

இன்னுமொரு வேறுபாட்டை அமெரிக்க வழக்குகள் தெளிவாக்கின. பங்கை இணைப்பது வேறு, கோயிலை மூடுவது வேறு. 2011இல் அலன்ரவுண், ஸ்பிறிங்பீல்ட் ஆகிய மறைமாவட்டங்களின் சில கோயில்கள் தொடர்பாக உரோமாபுரி, பங்குகளை ஒன்றாக்கியது சரி, ஆனால் கோயிற் கட்டடங்கள் வழிபாட்டிடங்களாகத் தொடர வேண்டும் எனப் பதிலளித்தது. ஒரு கோயிலை வழிபாட்டிலிருந்து நீக்கி வேறு பயன்பாட்டுக்கு விட, திருத்தவே முடியாத நிலை அல்லது வேறு பாரதூரமான காரணம் வேண்டும் (எண் 1222). குருக்கள் போதாது, மறைமாவட்டத்தில் பொதுவாகப் பணத்தட்டுப்பாடு என்பன தம்மளவில் போதிய காரணங்களல்ல என்று 2013இல் வெளியான வழிகாட்டலும் கூறியது.

இணைப்பு நடந்தாலும் பங்கின் சொத்தும் கடமையும் மக்களோடு சேர்ந்தே புதிய பங்கிற்குப் போகின்றன. அதைக் கொடுத்தவர்களின் எண்ணம் மதிக்கப்பட வேண்டும் (எண் 121). உங்கள் பாட்டனார் திருநாட் செலவுக்கென்று கோயிலுக்கு எழுதிவைத்த வயலை நினைத்துக்கொள்ளுங்கள். அது எந்த நோக்கத்துக்குக் கொடுக்கப்பட்டதோ அந்த நோக்கத்தை யாரும் இலேசாக மறந்துவிட முடியாது.

இரண்டு பங்குகளுக்கு உரியவர்கள்

இடம்பெயர்ந்தோர் அறியவேண்டிய மிக முக்கியமான பகுதி இதுதான் என்பது நமது எண்ணம்.

ஒருவர் எந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்பதை அவரது வதிவிடம் தீர்மானிக்கிறது. திருச்சபைச் சட்டம் இரு வகை வதிவிடங்களைக் கூறுகிறது. நிலையாக வாழும் எண்ணத்துடன் இருக்குமிடம், அல்லது ஐந்து ஆண்டுகள் நிறைவாக வாழ்ந்த இடம், நிரந்தர வதிவிடம். மூன்று மாதம் வாழ்ந்த, அல்லது வாழும் எண்ணத்துடன் வந்த இடம், தற்காலிக வதிவிடம் (எண் 102). இரண்டின் மூலமும் ஒருவருக்குப் பங்குத்தந்தை உண்டு (எண் 107). எனவே முகாமிலோ மாற்றுக் குடியிருப்பிலோ மூன்று மாதம் வாழ்ந்தவர் அங்குள்ள பங்கிற்கு விருந்தாளி அல்லர், உரியவர். ஞானஸ்நானம், திருமணம், நோயிற்பூசுதல், அடக்கம் எதையும் அவர் கெஞ்சிப் பெறவேண்டியதில்லை.

அப்படியானால் ஊர்ப் பங்கு? எண் 106ஐக் கவனமாக வாசியுங்கள். ஓரிடத்தைவிட்டு, திரும்பி வருவதில்லை என்ற எண்ணத்துடன் போனால்தான் அங்குள்ள வதிவிடம் இழக்கப்படும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர், திரும்பி வருவேன் என்ற எண்ணத்துடன் இருக்கும்வரை, தமது ஊர்ப் பங்கை இழக்கவில்லை. அவர் இரு பங்குகளுக்கும் உரியவர்.

இது காணி உறுதி அல்ல என்பதையும் சொல்லி வைக்கிறோம். இதைக் காட்டி எந்தக் காணியையும் மீட்க முடியாது. நாட்டின் சட்டம் வேறு. போர்க் காலத்தில் ஊரில் இல்லாதிருந்ததை வைத்துப் பிறர் ஆட்சியுரிமை கோருவதைத் தடுக்க 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே தொடக்கம் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடாமல் விடுவதற்கு அது வழிசெய்தது. ஆனால் அதன்படி வழக்கிடத் தரப்பட்ட தவணை இரண்டு ஆண்டுகளே, அது கடந்துவிட்டது. அறியாதிருந்து தவணையைத் தவறவிட்டவர்களை நாமறிவோம். காணி விடயத்தில் உங்கள் பிரதேச செயலகத்தையும் சட்ட உதவி நிலையத்தையும் நாட வேண்டும், கோயிற் புத்தகத்தையல்ல.

சட்டம் இவ்வாறு இருக்க, நடைமுறை என்ன? நாம் கண்டவற்றை எழுதுகிறோம். ஒரு பங்கில் நவநாட்களுக்கு உபயம் பிரித்தபோது, "அவை போற ஆக்கள்தானே" என்று இடம்பெயர்ந்தோருக்கு ஒரு நாளும் கொடுக்கப்படவில்லை. இன்னோரிடத்தில் சேமக்காலையில் இடம் கொடுப்பதற்கு இழுபறி. பிரேதத்தை வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தை. பங்குச் சபையில் பத்தாண்டு வாழ்ந்த பின்னும் முகாம் மக்களுக்கு ஒரு இடமில்லை. இவற்றுக்குப் பின்னால் சாதி பேசாமல் நின்றதையும் நாம் கண்டோம். ஓரிடத்தில் அதைத் தீர்க்க நாமே முன்வராமல், திருநாள் முடியட்டும் என்று காலங்கடத்தினோம். திருநாள் முடிந்தது. அந்தக் குடும்பங்கள் அதன்பின் கோயிலுக்கு வரவில்லை.

மறுபக்கமும் உண்டு. நாங்கள் நாளைக்கு ஊருக்குப் போகிறவர்கள் என்று சொல்லி, இருக்கும் பங்கின் சிரமதானத்துக்கோ சபைக்கோ வராதிருப்பவர்களும் இருக்கிறார்கள். நாளை என்பது இருபது வருடமாகிவிட்டது. இதற்கிடையில் பிள்ளைகள் எந்தக் கோயிலுக்கும் சொந்தமில்லாமல் வளர்ந்துவிட்டார்கள். வரப்பைப் பார்த்துக்கொண்டு இரண்டு வயலையும் தரிசு விட்டது போல.

நமது மண்ணில்

பூட்டிய கோயிலின் முன்னால் பங்காக வாழ்வது நமக்குப் புதிதல்ல. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியபோது கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், கோயில்கள் பறிக்கப்பட்டன. 1687இல் புனித யோசேவ் வாஸ் அடிகள் பிச்சைக்காரக் கோலத்தில் கரையிறங்கும்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், ஒரு தலைமுறை முழுவதும், குருவின்றிக் கழிந்தன. சில்லாலைக்கு அடிகள் வந்தபோது விசுவாசத்தை விடாமல் வைத்திருந்த மக்களை அங்கே கண்டார். பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவர்கள், மரித்தோரை அடக்கம் செய்தவர்கள் எல்லாம் பொதுநிலையினரே. மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் 1670 அளவில் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இடம்பெயர்ந்தன என்றும், அங்கிருந்தே மருதமடுத் திருத்தலம் உருவானதென்றும் மரபு கூறுகிறது. அதே சுரூபம் 2008 ஏப்ரலில் மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய், சில மாதங்களின் பின் திரும்பி வந்ததை உங்களிற் பலர் கண்ணாற் கண்டவர்கள்.

யோசேவ் வாஸ் அடிகள் ஊர் ஊராகப் போனபோது செய்த ஒரு காரியத்தை அபிவிருத்திப் பணியாளர் என்ற வகையில் நாம் பெரிதாக மதிக்கிறோம். தாம் போன பின் என்ன நடக்கும் என்று யோசித்து, ஒவ்வோரிடத்திலும் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார். செபம் நடத்துவது, நோயாளரைப் பார்ப்பது, குருவுக்குச் செய்தி அனுப்புவது என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார். இன்று பங்கு, சபை, குழு என்று நாம் சொல்வதெல்லாம் அன்றே இருந்தவைதாம்.

அண்மைக் காலத்திலும் பாருங்கள். 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரல் 23ஆம் நாள் படகுகளில் தமது தீவில் இறங்கினார்கள். இருபத்தாறு ஆண்டுகளின் பின்னும் அவர்கள் தங்களை இரணைதீவார் என்றே அழைத்தார்கள். முழங்காவிலில் குடியிருந்த இடத்துக்கும் இரணைமாதா நகர் என்றே பெயர். 2007இல் வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளம் மக்களின் கோயில் கடற்படை முகாமுக்குள் அகப்பட்டது. அங்கு சென்று திருப்பலி காண்பதை அவர்கள் விடவில்லை. 2017இல் அவர்கள் போராடியபோது ஊரின் ஒரு பகுதியை விடுவிக்க இணக்கம் காணப்பட்டது. தாங்கள் யார் என்று சொல்லக்கூடிய ஒரு சமூகம் எஞ்சியிருந்தபடியாற்றான் கேட்பதற்கு ஆளிருந்தது.

ஒரு கொப்பியும் பேனாவும்

இனிச் செய்ய வேண்டியது. பெரிய வேலை ஒன்றுமில்லை, பள்ளிக் கொப்பி ஒன்று போதும்.

ஊரில் உங்கள் பங்கு எத்தனை வட்டாரமாக, எத்தனை அன்பியமாக இருந்ததோ அவ்வாறே குடும்பங்களை எழுதுங்கள். வீட்டுக்கு வீடு, ஒழுங்கை ஒழுங்கையாக நடப்பது போல நினைத்து எழுதினால் ஒருவரும் தவறார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இப்போது அவர்கள் இருக்குமிடத்தை எழுதுங்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளையும் சேருங்கள். அவர்கள் ஊரைக் காணாவிட்டாலும் ஊரவரே. சேமக்காலையில் யார் யார் எங்கே அடக்கப்பட்டார்கள் என்பதை வயதானவர்களைக் கொண்டு ஒரு வரைபடமாகக் கீறுங்கள். கல்லறைகள் இடிந்துபோன இடங்களில் இந்த வரைபடமே மிஞ்சும். கோயிற் கிணறு, கோயில் வயல், அதன் எல்லைகள், திருநாட் திகதி, யார் யாருக்கு எந்த உபயம் என்பவற்றையும் எழுதுங்கள். ஓடும்போது சுரூபத்தையோ பாத்திரத்தையோ காப்பாற்றி எடுத்துவந்தவர் இருந்தால், இப்போது அது எவரிடம் என்று குறிப்பிடுங்கள். இதை எழுதும்போது பழைய சண்டைகள் கிளம்பும். கிளம்பட்டும், அதுவும் பங்குதான்.

ஞானஸ்நானப் புத்தகம் எரிந்துபோனவர்கள் கலங்க வேண்டாம். எவருக்கும் பாதகம் இல்லாதவிடத்து, ஞானஸ்நானத்தை நிரூபிக்க நம்பத்தகுந்த ஒரு சாட்சி போதும். வளர்ந்த பின் பெற்றவராயின் அவரது சத்தியமே போதும் (எண் 876). ஞானத்தாய் தந்தையர் உயிரோடிருக்கும்போதே அவர்களிடம் எழுத்தில் வாங்கி, பங்குத்தந்தையிடம் கொடுத்துப் பதிந்துவிடுங்கள். பிற்பாடு தேடிக்கொண்டு திரிவது கடினம். முகாமிலோ வேறிடத்திலோ நடந்த திருமணங்களை, ஞானஸ்நானம் பதிவான பங்கிற்கு அறிவிக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டுங்கள். குருக்களாகிய எங்களுக்கே சில வேளை மறந்துபோகிறது.

கொப்பியில் மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று இப்போதுள்ள பங்குத்தந்தையிடம், ஒன்று ஆயர் இல்லத்தில். கிளீவ்லண்ட் மக்களுக்குக் கைகொடுத்தவை இத்தகைய தாள்கள்தாம்.

அதேவேளை, இருக்கும் பங்கின் சபைக் கூட்டத்துக்கும் போங்கள். உபயத்தில் ஒரு நாள் கேளுங்கள். கேட்டும் தராவிட்டால் மறைக்கோட்ட முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை அந்தக் குடியிருப்புக்குப் போனபோது, அத் தாய் கொப்பியோடு நின்றார். பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதுவித்திருந்தார். ஒழுங்கை வாரியாகக் குடும்பங்கள், கோயிலடியிலிருந்து குளத்தடி வரைக்கும். இடையிடையே சில வரிகள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. என்னவென்று கேட்டோம்.

"அது இந்தியாவுக்குப் போன ஆக்கள், சுவாமி. பேர் தெரியும், எங்க இருக்கினமெண்டு தெரியாது. தமிழ்நாட்டு முகாமுகளில விசாரிச்சுத் தரமாட்டியளோ?"

விலாசம் தேடிக் கடிதம் போட்டிருக்கிறோம். இரண்டு குடும்பங்களிடமிருந்து பதில் வந்திருக்கிறது.